மேடைக்குக் காசு வந்தது, கணிதத்துக்கு ஆள் வரவில்லை

ஒவ்வோர் ஆண்டும் பாடசாலையின் ஆளணி, அதாவது ஆசிரியர் தொகை, பற்றிய விபரம் கேட்டு ஒரு படிவம் வரும். அனுமதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், இருப்பவர்கள் எத்தனை பேர், மேலதிகம் எத்தனை, வெற்றிடம் எத்தனை என்று பாடவாரியாக நிரப்பி அனுப்ப வேண்டும். யாழ்ப்பாண மாவட்டத்தின் கரையோரக் கிராமம் ஒன்றில், தரம் 1 முதல் 11 வரை உள்ள சிறிய பாடசாலையில் நான் அதிபராக இருந்தேன். அந்தக் காலம் முழுவதும் கணிதமோ ஆங்கிலமோ ஏதாவது ஒன்று வெற்றிடமாகத்தான் இருந்தது. இரண்டும் சேர்ந்து வெற்றிடமான ஆண்டுகளும் உண்டு. ஆனால் மேடை கட்ட, மதில் கட்ட, வகுப்பறைக்கு வர்ணம் பூச என்று கேட்டால் காசு வந்தது. சில வேளை கேட்காமலேயே வந்தது. இந்த இரண்டும் ஒரே பாடசாலையில் எப்படி நடக்கின்றன என்பது வெளியில் இருப்பவர்களுக்கு விளங்குவது கஷ்டம். அதனால்தான் எழுதுகிறேன்.

நாட்டில் ஆசிரியர் தட்டுப்பாடு என்று பொதுவாகச் சொல்கிறோம். மொத்தக் கணக்கைப் பார்த்தால் அப்படித் தெரியாது. இலங்கையில் ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகள், 40 இலட்சத்தை அண்டிய மாணவர்கள், 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். சராசரியாக ஓர் ஆசிரியருக்கு இருபது பிள்ளைகள்கூட வராது. எங்கள் பாடசாலையில் அந்த விகிதம் இன்னும் நன்றாக இருந்தது. பிள்ளைகள் நூறுக்குள், ஆசிரியர்கள் பத்துக்கு மேல். கடதாசியில் பார்ப்பவருக்கு இது வசதியான பாடசாலை.

பிள்ளைகள் குறைந்தாலும் வகுப்புகள் குறைவதில்லை என்பதுதான் அந்தக் கடதாசியில் தெரியாத விசயம். தரம் 6 முதல் 11 வரை ஆறு வகுப்புகள். ஒரு வகுப்பில் முப்பது பேர் இருந்தாலும் ஐந்து பேர் இருந்தாலும் கிழமைக்குக் கொடுக்க வேண்டிய கணிதப் பாடவேளைகள் ஒரே அளவுதான். எங்களிடம் ஆறு வகுப்புக் கணிதமும் ஒரே ஆளின் தலையில். அவர் பிரசவ லீவில் போனால், அல்லது ஜனவரியில் இடமாற்றம் பெற்றுப் போனால், அன்றிலிருந்து பாடசாலையில் கணிதமே இல்லை. நகரத்துப் பெரிய பாடசாலையில் ஒருவர் போனால் மற்றவர்கள் பாடவேளைகளைப் பங்கிட்டுக்கொள்வார்கள். எங்களுக்குப் பங்கிட ஆள் இல்லை. சமயப் பாட ஆசிரியரையும் விளையாட்டு ஆசிரியரையும் வகுப்பில் இருத்திவிட்டு நேரசூசியை நிரப்பினேன். நேரசூசி நிரம்பியது, பாடம் நடக்கவில்லை.

உயர்தரம் (தரம் 12, 13) படிக்கப் போவதற்குத் தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்கள் சித்தியடைய வேண்டும். தமிழில் கட்டுரை எழுதினால் வாசித்துக்கொண்டே இருக்கலாம் என்று தோன்றும் பிள்ளை, வரலாற்றில் ‘ஏ’ எடுக்கக்கூடிய பிள்ளை, தரம் 9இலும் 10இலும் கணித ஆசிரியர் இல்லாமல் போன ஒரே காரணத்தால் நின்றுவிடுகிறது. எத்தனையோ பேருக்கு இது நடந்தது. அந்தப் பிள்ளைகளில் சிலரைப் பிறகு கடற்கரையில் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டு நிற்கக் கண்டிருக்கிறேன். அந்தத் தொழில் குறைந்ததல்ல. ஆனால் அதை அவர்கள் விரும்பித் தெரிந்தெடுக்கவில்லை.

இதைப் பார்த்துக்கொண்டு பெற்றோர் சும்மா இருப்பார்களா? இயலுமானவர்கள் பிள்ளையை நகரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளை தரம் 6க்கு எங்களிடம் இருப்பதில்லை. அதில் எனக்குச் சந்தோசமும் உண்டு, கவலையும் உண்டு. பிள்ளையை விலக்கிக்கொண்டுபோக விடுகைப் பத்திரம் வாங்க வந்த ஒரு தாயிடம், இன்னும் ஒரு வருசம் பொறுத்துப் பார்க்கலாமே என்று கேட்டேன். “விருப்பத்திலயோ சேர் கொண்டுபோறன்? விடிய ஆறு மணிக்குப் பிள்ளையை பஸ்ஸில ஏத்திப்போட்டு நான் என்ன நிம்மதியாவோ இருக்கப்போறன்? இங்கிலீசுக்கு ஒரு ஆளைக் காட்டுங்கோ, நான் பத்திரத்தைத் திருப்பித் தாறன்” என்றார். அவர் கேட்டது நியாயம். பதில் என்னிடம் இல்லை.

ஒரு பிள்ளை போனால் மாணவர் தொகை குறைகிறது. தொகை குறைந்தால் அடுத்த ஆண்டு ஆளணியும் குறைகிறது, தர உள்ளீட்டுக்கு, அதாவது கற்பித்தலுக்குத் தேவையான பொருட்களுக்கு, வரும் காசும் குறைகிறது. அப்போது மிச்சமிருக்கும் பெற்றோரும் யோசிக்கத் தொடங்குகிறார்கள். சிறிய பாடசாலைகள் இப்படித்தான் மூடுகின்றன. யாரும் மூடச் சொல்லி உத்தரவு போடத் தேவையில்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்வது சுலபம். நான் அதைச் செய்யமாட்டேன். நெடுந்தீவுக்கும் அனலைதீவுக்கும் கடல் கடந்து போய்ப் படிப்பிப்பவர்களும் வன்னியில் வெளிமாவட்டச் சேவையில் வருடக்கணக்கில் இருந்துவிட்டு வந்தவர்களும் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர். வீட்டில் வயதான தாய் தகப்பன், நகரத்துப் பாடசாலையில் பிள்ளைகள், இரண்டு பஸ் மாறி ஏழரைக்கு முன் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். இதை வருடக்கணக்கில் செய்யச் சொன்னால் யாரும் இடமாற்றம் கேட்கத்தான் செய்வார்கள். எனக்குக் கோபம் வருவது ‘இணைப்பு’ என்ற ஏற்பாட்டில்தான். நியமனம் எங்கள் பாடசாலைக்கு, பெயர் எங்கள் ஆளணியில், வேலை வேறு பாடசாலையில். படிவத்தில் அந்த இடம் நிரம்பியதாகக் காட்டும். அதனால் வெற்றிடம் என்று எழுதவும் முடியாது, புதிய ஆளைக் கேட்கவும் முடியாது. ஓர் ஆசிரியர் இல்லாமல் இருப்பதைவிட, இருப்பதாகக் கணக்கில் காட்டுவது ஒரு சிறிய பாடசாலைக்குச் செய்யும் பெரிய கெடுதல்.

2022 எல்லாவற்றையும் இன்னும் இறுக்கியது. எரிபொருள் இல்லாமல் ஆசிரியர்கள் சைக்கிளில் வந்தார்கள். அரச ஊழியர்கள் சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போகலாம் என்று வந்ததும் ஆங்கிலம் தெரிந்தவர்கள் முதலில் போனார்கள். ஓய்வு வயது 60 ஆகக் குறைக்கப்பட்டதால் அந்த ஆண்டின் கடைசி நாளோடு மூத்தவர்களும் போனார்கள். அதே ஆண்டு கடதாசி விலை ஏறி, மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். எங்களுக்கு வந்த தர உள்ளீட்டுக் காசில் வினாத்தாள் அடிப்பதா, ஆய்வுகூடத்துக்கு இரசாயனம் வாங்குவதா என்று ஆசிரியர் அறையில் இருந்து யோசித்தோம். வினாத்தாள்தான் என்று முடிவெடுத்தோம். வேறு என்ன செய்வது.

ஆனால் அதே ஆண்டு இன்னொன்றும் நடந்தது. டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360 வரை போனது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் ஊரவர் அனுப்பும் காசின் பெறுமதி திடீரென்று கூடியது. ஊரில் எங்கு பார்த்தாலும் கட்டட வேலை. கோயிலுக்குக் கோபுரம், மடத்துக்குக் கூரை, விளையாட்டுக் கழகத்துக்குப் பார்வையாளர் கொட்டகை. பாடசாலைக்கும் திறந்தவெளி மேடை ஒன்று கட்டித் தருவதாகப் பழைய மாணவர்கள் சொன்னார்கள். படமும் கீறி அனுப்பிவிட்டார்கள்.

அவர்கள் மனதை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1990இலும் 1995இலும் யுத்தத்தில் உடுத்த துணியோடு ஊரைவிட்டு ஓடியவர்கள் அவர்கள். பனிக்குள் இரண்டு வேலை செய்து சேர்த்த காசு. திரும்பி வந்து பார்க்கும்போது ஊர் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசை அதில் இருக்கிறது. மேடையைப் படம் எடுக்கலாம், தாயின் பெயரைக் கல்லில் பொறிக்கலாம். கணித ஆசிரியருக்கு அப்படி ஒரு கல்லும் நட முடியாது. ஊரில் இருப்பவர்களும் இதே மாதிரித்தான். கோயில் கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னார்: “பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கம் தருந்தானே, கோயிலுக்கு நாங்கள்தானே தம்பி செய்ய வேணும்.”

அந்த நினைப்பு பழையதல்ல. 1960இல் அரசாங்கம் பாடசாலைகளைப் பொறுப்பேற்கும்வரை யாழ்ப்பாணத்துக் கிராமப் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவற்றை மிசன்களும் சைவ சபைகளும் ஊர்ப் பெரியவர்களும்தான் நடத்தினார்கள். ஆறுமுக நாவலர் காலத்தில் வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்துப் பள்ளி நடத்திய ஊர்கள் இவை. அந்த அரிசி ஆசிரியரின் அடுப்புக்குப் போனது. ஆசிரியரை வைத்திருப்பது ஊரின் வேலை என்று அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அரசாங்கம் சம்பளம் கொடுக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பொறுப்பு மெல்லக் கைநழுவிவிட்டது என்பது என் எண்ணம்.

மேடைப் படம் வந்ததும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தைக் கூட்டினேன். வெளிநாட்டிலிருந்து மூன்று பேர் வாட்ஸ்அப்பில் இருந்தார்கள். முதலில் சாதாரண தரப் பெறுபேற்றை, பெயர் சொல்லாமல், பாடவாரியாக வாசித்தேன். கணிதம் வந்தபோது யாரும் பேசவில்லை. பிறகு லண்டனில் இருந்து ஒருவர், “அப்ப நாங்கள் ஒரு வாத்தியாருக்குச் சம்பளம் குடுத்தா என்ன?” என்று கேட்டார். அதில் ஒரு சிக்கல் இருந்தது. தொண்டர் ஆசிரியர்களாகப் படிப்பித்தவர்கள் நிரந்தர நியமனம் கேட்டு வடக்கில் வருடக்கணக்கில் தெருவில் இருந்ததை எல்லோரும் பார்த்தோம். வருடக்கணக்கில் சிறிய கொடுப்பனவில் ஓர் இளம் பிள்ளையை வைத்திருந்துவிட்டு, கடைசியில் கைவிடுவது அநியாயம். அதனால் பாடசாலை நேரத்துக்குள் வேண்டாம் என்று நான் உறுதியாக நின்றேன்.

பேசிப் பேசி மூன்று விசயங்களுக்கு வந்தோம். பாழடைந்து கிடந்த ஆசிரியர் விடுதியைத் திருத்துவது, நகரத்திலிருந்து வருபவர்களுக்கு ஒரு வான் ஒழுங்குசெய்வது, சனசமூக நிலையத்தில் மாலை வகுப்பு நடத்துவது.

விடுதி நான் நினைத்த மாதிரி வேலை செய்யவில்லை. நகரத்து ஆசிரியர் எவரும் அதில் தங்க வரவில்லை. குடும்பத்தை விட்டுவிட்டு ஏன் தங்க வேண்டும்? ஆனால் வெளிமாவட்டத்திலிருந்து முதல் நியமனத்தில் வந்த ஒரு கணித ரீச்சருக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா கிணற்றுத் தண்ணீருக்கும் இரவுத் துணைக்கும் தன் மகளை அனுப்பினார். அம்மாமார் முறை வைத்து மீன்குழம்பு கொண்டுவந்தார்கள். கட்டாய சேவைக் காலம் முடிந்தும் அந்த ரீச்சர் இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கவில்லை.

வான்தான் எல்லோருக்கும் பிரயோசனமானது. பஸ் பிந்தியதால் முதற்பாடவேளை போவது நின்றது. ஆசிரியர்களும் ஒரு பங்கு காசு போட்டார்கள், மிச்சத்தைச் சங்கம் கொடுத்தது. ஒரு மேடைக்குச் செலவாகும் காசில் இப்படி ஒரு வானைப் பல வருடம் ஓட்டலாம்.

மாலை வகுப்பை எங்கள் ஊரிலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் எடுத்தார்கள். வாசிகசாலை மேசையைச் சுற்றித் தரம் 10, 11 பிள்ளைகள். அங்கே படிப்பித்தவர்களும் ஒருகாலத்தில் கணிதத்துக்கு ஆள் இல்லாமல் தவித்தவர்கள்தான். எந்த இடத்தில் விளங்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

விடுகைப் பத்திரம் கேட்டு வருவது நிற்கவில்லை, குறைந்தது. ஆங்கிலத்துக்கு நிரந்தர ஆள் இன்னும் இல்லை. ஆசிரியர் நியமனம் இல்லாமல், அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற அரச பதவியில் வந்த ஒரு பட்டதாரி சமாளிக்கிறார். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் சங்கக் கூட்டத்துக்குப் போகிறேன். போன கூட்டத்தில் திறந்தவெளி மேடைக் கதை மறுபடி வந்தது. வானுக்கு அடுத்த மூன்று வருடக் காசை வங்கியில் போட்டுவிட்டுத்தான் அதைப் பேசலாம் என்று பெற்றோர் பக்கத்திலிருந்தே சொன்னார்கள், அப்படியே தீர்மானம் எழுதப்பட்டது.