கணைக்கால் எண்டு ஒரு இடம்

"கால் நோகுது" எண்டு எங்கட ஆக்கள் சொன்னால் அது இடுப்புக்குக் கீழே எங்கேயும் இருக்கலாம். எந்த இடம் எண்டு கேட்டால் முழங்கால், கெண்டைக்கால், குதிக்கால் எண்டு பதில் வரும். முழங்காலுக்கும் பாதத்துக்கும் இடையில், முன்பக்கம் எலும்பு தட்டுப்படுகிற இடத்துக்குத்தான் சொல் வராது. "முன்கால்" என்பார்கள், "இந்த எலும்பு" எண்டு தொட்டுக் காட்டுவார்கள். அதுக்குப் பேர் கணைக்கால். விஞ்ஞானப் பாடத்தில் "கணைக்கால் உள்ளென்பு, வெளியென்பு" எண்டு பாடமாக்கின அதே சொல்.

கணுக்கால் வேறு. கணு எண்டால் மூட்டு, கரும்பில் இருக்கிற அதே கணு. கணை எண்டால் அம்பு, திரண்ட தண்டு. குறுந்தொகை 9ஆம் பாட்டில் "கணைக்கால் நெய்தல்" எண்டு வருவது திரண்ட தண்டுள்ள நெய்தல் பூ. சிறையில் தண்ணீர் பிந்தி வந்ததுக்காக அதைக் குடிக்காமல் விட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறையின் பேரிலும் இந்தக் கால்தான் இருக்கிறது (அவர் பாட்டு புறநானூறு 74). சொல் பழசு, வழக்கில்தான் தேய்ந்து போச்சு. ஆனால் ஆஸ்பத்திரியில் கணைக்காலைக் கணுக்கால் எண்டு சொன்னால் எக்ஸ்றே பிழையான இடத்துக்கு எடுபடக்கூடும். பேர் வராவிட்டால் ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள், உள்ளங்கையால் தடவிக் காட்ட வேண்டாம்.

இந்த இடம் ஏன் இப்படி நோகிறது? முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு மேடு இருக்கும். அதிலிருந்து விரலைக் கீழே இழுத்தால் கூரான விளிம்பு ஒன்று ஓடும். விளிம்புக்கு வெளிப்பக்கம் பாதத்தைத் தூக்குகிற தசை. உட்பக்கம் தட்டையான எலும்பு, அதுக்கு மேலே நேரே தோல். அடியைத் தாங்கத் தசையே இல்லை. எலும்பைப் போர்த்திய மெல்லிய சவ்வு நரம்பு நிறைந்தது. சைக்கிள் பெடல் சுழன்று வந்து அடிக்கிறபோது கண்ணில் தண்ணி வருவது அதனால்தான்.

பெடலுக்கு அடுத்த எதிரி பனை மட்டை. சாறத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு மட்டை இழுத்தால் கருக்கு கணைக்காலைக் கீறிவிடும். ஓடுகிற தண்ணியில் சவர்க்காரம் போட்டு 5 நிமிசமாவது கழுவுங்கள். சுத்தமான துணியால் 10 நிமிசம் விடாமல் அழுத்துங்கள், இடையில் எடுத்து எடுத்துப் பார்த்தால் இரத்தம் நிற்காது. கோப்பித்தூள், மண்ணெண்ணெய் ஒன்றும் வேண்டாம். வயது போன ஆக்களுக்குத் தோல் கடதாசி மாதிரிக் கிழிந்து மடங்கும். அதை வெட்டி எறியாமல், ஈரத் துணியால் மெல்ல விரித்துப் பழைய இடத்தில் படுக்க வைத்து, மருந்து கட்டுகிற இடத்துக்குக் கொண்டு போங்கள். மண், துரு பட்ட காயமெண்டால், கடைசி ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டு 5 வருசம் கடந்திருந்தால் இன்னொன்று தேவை. கணைக்கால் காயம் ஆறச் சுணங்கும், அது இயல்பு. 2 கிழமையாகியும் சுருங்காத காயத்தையும், நீரிழிவுக்காரரின் எந்தக் காயத்தையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

அடுத்தது ஓட்டம். பள்ளிக்கூடத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டி வருகிறது எண்டவுடன், அதுவரை ஓடாத பிள்ளையள் திடீரெண்டு தினமும் காய்ந்த மைதானத்தைச் சுற்றத் தொடங்குவார்கள். சில நாளில், "அம்மா, காலுக்கு முன்னால நோகுது." சூடு பிடிச்சிட்டுது எண்டு தைலம் தேய்த்துவிட்டுத் திரும்ப ஓட விடுவது வழக்கம். அது பிழை. பெருவிரலால் எலும்பின் உட்பக்க விளிம்பைக் கீழிருந்து மேலே அழுத்திக்கொண்டு வாருங்கள். 5 சென்ரிமீற்றருக்கு மேல் நீளமாக நொந்தால் தசையும் சவ்வும் இழுபட்ட நோவு. ஒரு நாணயம் அளவு இடத்தில் சுள்ளெண்டு குத்தினால், அதுவும் இரவில் படுத்திருக்கிறபோதும் நொந்தால், எலும்பில் மயிரளவு வெடிப்பு இருக்கலாம். முதல் 2, 3 கிழமை எக்ஸ்றேயில் அது தெரியாமலும் போகும். "படம் சரி" எண்டதுக்காக ஓட விடாதீர்கள்.

இழுபட்ட நோவெண்டால் 2 தொடக்கம் 4 கிழமை ஓட்டம் நிற்க வேண்டும். சைக்கிள் ஓடலாம். துணியில் சுற்றின ஐஸ் 15 நிமிசம் வைக்கலாம். நோவு போன பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு குதியைத் தூக்கி இறக்குகிற பயிற்சி 15 தரம், மூன்று முறை. பிறகு பழைய தூரத்தின் பாதியில் தொடங்கி, கிழமைக்குப் பத்தில் ஒரு பங்கு மட்டும் கூட்டுங்கள். போட்டி தவறிப் போகும்தான்.

உதைபந்தாட்டக்காரருக்கு ஒரு வரி: காலுறைக்குள் போடுகிற காப்பு, கணுவுக்குச் சற்று மேலே தொடங்கி முழங்காலுக்கு இரண்டு மூன்று விரல் கீழே முடிய வேண்டும். தம்பியின் காப்பு அண்ணனுக்குக் காணாது. 1874இல் இங்கிலாந்தில் விடோசன் எண்ட விளையாட்டு வீரர் கிரிக்கெற் கால்காப்பை (pad) வெட்டிக் கட்டினதுதான் இதன் தொடக்கம்.

கடைசியாக, கட்டு. முறிவு நெரிவுக்குக் கட்டினதோ, ஆஸ்பத்திரியில் போட்ட மாக்கட்டோ, கட்டின பிறகு நோவு குறைய வேண்டும். கூடிக்கொண்டே போய், கால்விரல் விறைத்து, பெருவிரலை மற்ற ஆள் மெல்ல வளைக்கிறபோது உயிர் போகிற நோவு வந்தால் உள்ளே தசை நெரிபடுகிறது. எலும்புக்கும் இறுகின சவ்வுக்கும் நடுவில் வீங்க அதுக்கு இடமில்லை. விடியட்டும் எண்டு பார்க்க வேண்டாம். துணிக்கட்டெண்டால் உடனே தளர்த்திவிட்டு, மாக்கட்டெண்டால் அப்படியே, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சில மணித்தியாலத்துக்குள் தசை செத்துவிடும்.