திறந்து வைத்த பக்கம்

கண்காட்சி முடிந்து மாதங்கள் பல ஆகிவிட்டன. ஆயினும் மூன்றாம் பேழைக்கு முன்னால் நின்று ஒருவர் என்னிடம் கேட்டதும், நான் அவருக்குச் சொன்ன பதிலும் மனத்தைவிட்டு அகலவில்லை. "அந்தப் பக்கத்தை மட்டும் திருப்பி வெச்சிருங்க சார்" என்றார் அவர். "இது வரலாற்று ஆவணங்க, அப்படியெல்லாம் மாத்த முடியாது" என்றேன் நான்.

இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். அரங்கநாதனின் பிறந்த நாளாகக் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 12, நூலகர் தினத்தையொட்டி, சுற்றுவட்டார மக்கள் தந்த வீட்டு ஆவணங்களை எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் காட்சிக்கு வைத்திருந்தோம். அவற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது 1956ஆம் ஆண்டுக் கலியாணம் ஒன்றின் மொய் நோட்டு. பிள்ளையார் சுழி, முதல் வரியில் தாய்மாமன், பிறகு ஊர்வாரியாகப் பெயர்கள். நயா பைசா வருவதற்கு முந்தைய ஆண்டு என்பதால் ஒன்றேகால் ரூபாயை 1-4-0 என்று ரூபாய், அணா, பையாகப் பிரித்து எழுதியிருந்தார்கள்.

தைத்த நோட்டைப் பேழைக்குள் வைத்தால் எதிரெதிரே இரண்டு பக்கங்களைத்தான் காட்ட முடியும். எந்த இரண்டு என்று முடிவு செய்தவன் நான். இடப்பக்கக் கடைசி வரியில் ஒரு பெயர் இருந்தது. அதற்கு நேரே தொகை இல்லை, "கை நனைத்தார்" என்று மட்டும் பொடி எழுத்தில் இருந்தது. மொய் வைக்க இயலாதவரையும் பந்தியில் உட்கார வைத்து அனுப்பிய ஊரின் பெருந்தன்மைக்கு இதைவிடச் சான்று வேண்டாம் என்று உளமார நம்பினேன். விளக்கச் சீட்டிலும் அந்த வரியையே எடுத்து எழுதினேன்.

அது அவருடைய தாத்தாவின் பெயர். "வரலாறுதான் சார், இல்லேங்கல. நாளைக்கு எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பாக்க வருதுங்க. எம் பொண்ணும் வருது" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்காகச் சற்று நேரம் நின்றார். நான் நோட்டுக்காரரின் ஒப்புதல் கடிதத்தைப் பற்றிப் பேசினேன்.

ஒப்புதல் இருந்தது உண்மைதான். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது 1931இல் அரங்கநாதன் வகுத்த முதல் விதி. பூட்டி வைப்பதற்கு நூலகம் எதற்கு என்று இன்றும் வாதிடுவேன். ஆனால் கையெழுத்திட்டது மொய் வாங்கிய வீடு. வைத்தவர்களையும், வைக்க முடியாமல் போனவரையும் நான் கேட்கவில்லை. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் தனிநபர்களின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விவரங்களை யாருக்கும் காட்டுவதில்லை. அமெரிக்காவில் 72 ஆண்டுகள் கழித்துத் திறக்கிறார்கள். அந்தக் கணக்குப்படியே பார்த்தாலும் இந்த நோட்டு 2028 வரை மூடியிருந்திருக்க வேண்டும். அதே சமயம், அப்படி மூடியிருந்தால் அந்த ஒற்றை வரியை யார் படித்திருப்பார்கள் என்ற கேள்வியும் என்னை விடவில்லை.

அன்று மாலை பேழையைத் திறந்து நான்கு தாள்கள் தள்ளி வைத்தேன், சீட்டையும் மாற்றினேன். அவரிடம் தெரிவிக்க அவருடைய தொலைபேசி எண்ணை நான் கேட்டு வாங்கியிருக்கவில்லை. மறுநாள் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துப் போனார்கள். அவருடைய மகள் அவர்களுள் இருந்தாளா, அல்லது அவர் அவளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டாரா என்பது எனக்குத் தெரியாது.

பிற்பகலில் முதியவர் ஒருவர் புதிய பக்கத்தில் தம் தகப்பனார் பெயரைக் கண்டுபிடித்து, "எங்கப்பா அஞ்சு ரூவா வெச்சிருக்காரு!" என்று பூரித்துப் படம் எடுத்துக்கொண்டார். அதோடு நிற்காமல் அடுத்தடுத்த பெயர்களையும் தொகைகளையும் பக்கத்தில் இருந்தவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். அவற்றுள் எட்டணாக்காரர் ஒருவரும் இருந்தார். நான் தடுக்கவில்லை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அங்கே யாரோ ஒருவருடைய தாத்தா இருந்தார்.

நோட்டை உரிய வீட்டில் ஒப்படைத்துவிட்டோம். அதன் மின்படி நூலகத்தில் இருக்கிறது. பட்டியல் பதிவில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டேன். 'யார் பார்க்கலாம்' என்ற கட்டம் மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது.