நாற்றம்: ஜமைக்காவின் வெள்ளை ரம் தேடிப் போன ஒரு வாரம்

எங்கள் ஸ்காபரோ அடுக்குமாடியில் எதிர்வீட்டு ஐயா ஜமைக்காக்காரர். தடிமன் பிடித்தால் வெள்ளை ரம்மை உள்ளங்கையில் ஊற்றி நெற்றியிலும் நெஞ்சிலும் தேய்த்துக்கொள்வார். முதல் தடவை அந்த வாசனை வெளியே வந்தபோது, யாரோ பலாப்பழத்தை வாங்கி வைத்துவிட்டு மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கனிந்து, கனிந்ததையும் தாண்டி வெடிக்கப் போகிற பழம். அதோடு கொஞ்சம் பெயின்ட், கொஞ்சம் பழஞ்சோற்றுத் தண்ணீர். அவர் கையில் இருந்தது ரே அண்ட் நெஃப்யூ ஓவர்ப்ரூஃப், அதாவது வழக்கத்தைவிட வலு கூடிய ரம். 63% மதுசாரம், பீப்பாயில் வைத்துப் பழக்காதது. ஊரில் புது வீட்டுக்கு அத்திவாரம் போடும்போதும் இதைத்தான் தெளிப்போம் என்றார்.

பழந்தமிழில் நாற்றம் என்றால் மணம். பிறகுதான் அது கெட்ட சொல்லாகிவிட்டது. இந்த ரம்மைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. இந்தக் காலத்து மதுச்சாலைக்காரர்கள் 'ஃபங்க்' என்கிறார்கள். பழைய காலத்தில் 'ஹோகோ' என்றார்கள். கடும் வாசனையைக் குறிக்கும் ஒரு பிரெஞ்சுச் சொல்லின் திரிபு அது. அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத்தான் போன மாரியில் மொண்டிகோ பேக்கு விமானம் ஏறினேன். ரொறன்ரோவிலிருந்து நாலு மணி நேரம்.

மறுநாள் காலை ட்ரெலானி மாவட்டத்தில் ரம் வடிக்கும் ஹாம்ப்டன் தோட்டம். 1753இல் தொடங்கியது. கார்க் கண்ணாடியை இறக்கியிருந்தேன். கட்டடம் தெரியுமுன்பே வாசனை வந்துவிட்டது. புளிக்க வைக்கும் பகுதியில் பெரிய மரத்தொட்டிகள், சுவரெல்லாம் கறுத்துப் போன பூஞ்சணம். கழுவித் துடைத்து வைக்கவேண்டிய அழுக்கு என்று நினைத்துவிடக் கூடாது. அவர்கள் ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. காற்றிலும் மரத்திலும் இருக்கிறதுதான் வேலை செய்கிறது, அதுவும் ஒரு வாரத்துக்கு மேல்.

நம் வீட்டில் தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி, அங்கே பழையதைப் புதியதில் சேர்க்கிறார்கள். ஒரு தடவை வடித்து முடித்ததும் கொதிகலனில் மிஞ்சுகிற புளித்த கசடு நீரின் பெயர் டண்டர். அதுதவிர மக் என்று ஒன்று இருக்கிறது, குழியில் பாக்டீரியாக்கள் ஊறிக் கிடக்கும் சேறு. அதன் அமிலங்களில் ஒன்று பியூட்டிரிக் அமிலம். தனியாக முகர்ந்தால் வாந்தி நாற்றம். அது மதுசாரத்தோடு சேர்ந்து எஸ்டர் என்கிற வாசனைச் சேர்மமாக மாறியதும் அன்னாசி வாசனை. ஒன்றிலிருந்து மற்றது பிறக்கிறது என்பதை அந்தத் தொட்டி ஓரத்தில் நின்று முகர்ந்தபோது மனம் நிறைந்துபோனது. இரண்டுமே அங்கே ஒரே மூச்சில் வந்தன.

இந்த எஸ்டரை அளந்துதான் ரம்மைத் தரம் பிரிக்கிறார்கள், 100 லீற்றர் தூய மதுசாரத்தில் எத்தனை கிராம் என்று. ஹாம்ப்டனில் ஒவ்வொரு தரத்துக்கும் ஓர் எழுத்துக்குறி. ஓடபிள்யூஎச் என்பது 40 முதல் 80. டிஓகே என்பது 1500 முதல் 1600. ஜமைக்காவில் அதுதான் உச்ச வரம்பு, குடிப்பதற்கென்று செய்தது அல்ல, மற்றவற்றுக்கு வாசனை ஏற்ற. ஹாம்ப்டனின் வெள்ளை ரம்மான ரம் ஃபயர் இவற்றுக்கு நடுவே, எச்எல்சிஎஃப் குறியில், 500 முதல் 700 வரை. அந்தக் குறியில் 'எல்' என்பது லைட். அவர்கள் கணக்கில் அது மென்மையான ரம்!

'சிஎஃப்' என்பது கான்டினென்டல் ஃபிளேவர்ட், ஐரோப்பாவுக்கென்று வாசனை ஏற்றியது. 1889இல் ஜெர்மனி ரம் இறக்குமதிக்கு வரியை ஏற்றியது. அளவுக்குத்தானே வரி, அதனால் கொஞ்சமாக அனுப்பி நிறையச் செய்யலாம் என்று ஜமைக்காவில் வாசனையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஜெர்மனியில் அதை வாசனையில்லாத சாராயத்தில் கலந்து விற்றார்கள். 5% உண்மையான ரம் இருந்தாலே போதும். ஆக இந்த ரம் பிறந்ததே இன்னொன்றோடு கலக்கப்படுவதற்காக. வீட்டுக்கு வந்து மாற்றுத் தேடியபோது எனக்குக் கைகொடுத்தது இந்தக் கதைதான். ஹாம்ப்டன் இரண்டரை நூற்றாண்டாக ரம்மைப் பெரும் பீப்பாய்களில் பிறருக்குத்தான் விற்றுவந்தது. 2009இல் ஹஸ்ஸி குடும்பம் அரசிடமிருந்து வாங்கிய பிறகே சொந்தப் போத்தல்கள் வந்தன.

இரண்டு நாள் கழித்து லூயிடாஸ் வேல். மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு, நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு. அங்கே வர்த்தி பார்க் தோட்டம், 1670இலிருந்து இருக்கிறது. 1918 முதல் கிளார்க் குடும்பத்திடம். ரம் வடிப்பதை 1960களில் நிறுத்தி, 2005இல் புது வடிசாலை கட்டித் திரும்பவும் தொடங்கினார்கள். எல்லாமே துப்புரவாக, ஒழுங்காக. ரம்-பார் ஓவர்ப்ரூஃப்பும் 63%தான், முழுக்கப் பானை வடிகலனில், ஒவ்வொரு தடவையாக நிரப்பி வடிக்கும் பழைய முறையில், இறக்கியது. ஹாம்ப்டனை முகர்ந்துவிட்டு வந்த மூக்குக்கு அது முதலில் சாதாரணமாகத் தெரிந்தது. கொஞ்சம் பொறுத்திருந்தால் வாழைப்பழம் வந்தது, நன்றாகப் பழுத்த கப்பல் வாழை, கூடவே ஒரு கருப்பஞ்சாற்று இனிப்பு.

கிங்ஸ்டனில் ஒரு சின்ன ரம் கடை. மேசைக்குப் பின்னால் நின்ற அம்மா என்னிடம் எதுவும் கேட்காமல் ரே ஒரு சின்னப் போத்தலும் டிங் ஒரு போத்தலும் ஐஸும் வைத்துவிட்டுப் போனார். டிங் என்பது கிரேப்ஃப்ரூட் சோடா. அந்தக் கசப்பும் இனிப்பும் ரம்மின் முரட்டுத்தனத்தை அப்படியே வாங்கிக்கொள்கின்றன. இந்த ரம்முக்கு இதைவிட நல்ல துணை இல்லை என்பது என் முடிவு.

அன்றிரவு விடுதி அறையில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சம அளவு தண்ணீர் சேர்த்துக் குடித்துப் பார்த்தேன். தண்ணீர் சேர்க்காவிட்டால் 63% நாக்கை மரக்க வைத்துவிடும், வேறுபாடே தெரியாது. ரே பானை வடிப்பும், தொடர்ந்து ஓடும் தூண் வடிப்பும் கலந்தது. பழம் முன்னால் வரும், மிளகுக் காரம் பின்னால், சீக்கிரம் முடிந்துவிடும். ரம்-பார் இன்னும் உருண்டையானது. ரம் ஃபயர் மட்டும் போகவே போகாது. அன்னாசி, உப்பிலிட்ட காய், பசை, பிறகு மறுபடி அன்னாசி. காலையில் கழுவாத கிண்ணத்தில் அது மட்டும் இன்னும் இருந்தது.

கனடாவுக்குள் வரியில்லாமல் 1.14 லீற்றர்தான் கொண்டுவரலாம். ரே எங்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்கும். அதனால் ரம் ஃபயர் ஒரு பெரிய போத்தல், ரம்-பார் ஒரு சின்னது. ரம்-பார் ஒரு மாதத்தில் முடிந்துவிட்டது. ரம் ஃபயரைச் சிக்கனமாக வைத்திருந்தேன். அப்புறம்தான் உண்மையான தேடல் தொடங்கியது: இந்த ஓவர்ப்ரூஃப்புக்கு மாற்றாக எதை ஊற்றலாம் என்று.

நான் செய்யும் டைக்கிரி என்ற ரம் கலவை இது: 63% ரம் 45 மி.லீ., தேசிப்புளி 20, சீனிப்பாகு 20. இதில் சாதாரண 40% வெள்ளை ரம்மை அதே அளவுக்கு ஊற்றினால் பானம் படுத்துவிடும். பலருக்கும் இங்கேதான் பிழைக்கிறது. வாசனையை மட்டும் பார்க்கிறார்கள், வலுவைப் பார்ப்பதில்லை. 45 மி.லீ. ஓவர்ப்ரூஃப்பில் இருக்கிற மதுசாரத்துக்கு 57% ரம் 50 மி.லீ. வேண்டும், 40% என்றால் 70.

ஸ்மித் அண்ட் கிராஸ் 57%. ஜமைக்கா ரம்தான், நாற்றமும் உண்டு, ஆனால் பீப்பாயில் கொஞ்சக் காலம் இருந்தது. மாய் டாய் என்ற இன்னொரு ரம் கலவைக்கு அது அருமை. டைக்கிரியில் மரவாசனை குறுக்கே நிற்கிறது. ஹெயிட்டியின் கிளேரன் கருப்பஞ்சாற்றிலிருந்து வருவது. புல்லும் ஒலிவ் காயும் மணக்கிற நல்ல சரக்கு, ஆனால் இது வேறு நாற்றம். இந்தோனேசியாவின் படாவியா அரக் கரும்புப் பாகோடு சிவப்பு அரிசியும் சேர்த்துப் புளிக்க வைப்பது. பெயர் ஒன்று என்பதற்காக நம் தென்னஞ்சாராயத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதன் புகைச்சலும் வறட்சியும் 'பஞ்ச்' என்ற கலவைப் பானத்தில் நன்றாக இருக்கும். டைக்கிரியில் அன்னாசிப் பாகு சேர்த்தால்தான் பக்கத்தில் வருகிறது. சாதாரண ரம்மில் அன்னாசிப் பாகு மட்டும் சேர்த்தும் பார்த்தேன். அது இனிப்புப் பானமாகத்தான் இருந்தது.

எல்லாவற்றிலும் நன்றாக வந்தது ஜெர்மன்காரர்களின் வழி. ரம் ஃபயர் 15 மி.லீ., சாதுவான 40% வெள்ளை ரம் 45 மி.லீ. கணக்குப் போட்டால் மதுசாரமும் ஏறக்குறைய அதே அளவுக்கு வந்துவிடுகிறது, நாற்றமும் ரேயின் உயரத்தில் நிற்கிறது. பார்படோசின் ஃபோர்ஸ்குவேர் வடிசாலை ரம்மும் ஹாம்ப்டன் ரம்மும் கலந்து 47%இல் வருகிற ப்ரோபிடாஸ் இதே எண்ணத்தைத்தான் போத்தலில் அடைத்துத் தருகிறது. மாய் டாயின் கதையும் இப்படித்தான். 1944இல் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் மதுச்சாலை நடத்திய விக்டர் பெர்ஜரான் அதைச் செய்தது 17 வருட ரே அண்ட் நெஃப்யூ ரம்மில். அது தீர்ந்துபோனதும் வேறு ஜமைக்கா ரம்மோடு மார்ட்டினிக் ரம்மையும் சேர்த்துத்தான் அவர் அதே சுவையைத் தேடினார்.

போன சனிக்கிழமை எதிர்வீட்டு ஐயாவைக் கூப்பிட்டு மூன்று டைக்கிரி வைத்தேன், எது எதென்று சொல்லவில்லை. படாவியா அரக்கை ஒரு மிடறோடு தள்ளி வைத்துவிட்டார். ரேயைக் குடித்து, "இது என் மருந்து" என்றார். கலவையை எடுத்தவர் குடிக்காமல் நெடுநேரம் முகர்ந்துகொண்டிருந்தார். "இதற்குள் ட்ரெலானி இருக்கிறது, ஆனால் தூரத்தில்" என்றார். பிறகு கிளாஸைக் காலி செய்துவிட்டு, ரம் ஃபயர் போத்தலில் மிச்சம் எவ்வளவு என்று கேட்டார். நாலு விரற்கடை இருந்தது. தடிமன் காலம் வரப்போகிறது என்று அவரிடமே கொடுத்துவிட்டேன்.