மண்வெட்டி விற்றவன் மட்டும் பிழைத்தானா?

தங்க வேட்டை பற்றிப் பேச்சு வந்தாலே, தோண்டியவன் ஓட்டாண்டி ஆனான், மண்வெட்டி விற்றவன் பணக்காரன் ஆனான் என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். கனடாவின் மேற்குக் கோடியில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு மொத்த மளிகைக் கிடங்கில் கொள்முதல் பார்த்து, வடக்கே உள்ள சுரங்க முகாம்களுக்கு மாவும் எண்ணெயும் டின் சாப்பாடும் ஏற்றி அனுப்பியவன் என்பதால் இந்தப் பேச்சை என்னால் ஏற்க முடிவதில்லை.

அந்த வேலையில் விற்பது சுலபம். எவ்வளவு தேவைப்படும் என்று முன்கூட்டியே கணிப்பதுதான் கஷ்டம். வசந்தத்தில் பனி இளகினால் மண்சாலைகளில் கனரக லாரிகளுக்கு எடைக் கட்டுப்பாடு வந்துவிடும், அதற்குள் சரக்கு போயாக வேண்டும். கூடுதலாக அனுப்பினால் தேதி கடந்து வீணாகும், குறைத்து அனுப்பினால் முகாம் சமையல்காரர் போனில் பிடித்துக்கொள்வார். பணமோ மாதக்கணக்கில் கழித்துத்தான் வரும். இத்தனைக்கும் எங்களிடம் போன் இருந்தது, காப்பீடு இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே மாகாணத்தின் தங்க வேட்டையில் கடை நடத்திய டேவிட் ஓப்பன்ஹைமருக்கும் அவர் சகோதரர்களுக்கும் இவை எதுவும் கிடையாது. ஜெர்மனியின் ப்ளீஸ்காஸ்டல் ஊரைச் சேர்ந்த யூதக் குடும்பம். 1848-இல் நியூ ஆர்லியன்ஸுக்குக் கப்பலேறி, அங்கிருந்து கலிபோர்னியா போய், 1858-இல் ஃபிரேசர் ஆற்றில் தங்கம் என்ற செய்தி பரவியதும் வடக்கே விக்டோரியாவுக்கு வந்தார்கள். யேல், லிட்டன், பார்க்கர்வில் என்று தங்கம் தேடிப் போனவர்களின் பின்னாலேயே கடைகளும் போயின. யேல் வரைக்கும்தான் நீராவிப் படகு. அதற்கு மேல் பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒற்றையடிப் பாதை, கோவேறு கழுதைகளின் முதுகில் மூட்டைகள். 1862-இல் யாரோ ஒட்டகங்களைக்கூடக் கொண்டுவந்து பார்த்தார்கள், அதன் வாடை பட்டதும் கழுதைகள் மிரண்டு ஓடின. ஒரு மூட்டை மாவு மலையேறிப் போய்ச் சேர்வதற்குள் அதன் விலை எங்கே போய் நிற்கும் என்று எனக்குப் புரிகிறது, அதை வெறும் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

சகோதரர்களில் சார்லஸ் கடையோடு நிற்கவில்லை. யேலிலிருந்து பார்க்கர்வில் வரை சுமார் 640 கிலோமீட்டர் போகும் கரிபூ சாலையில் ஒரு பகுதியைப் போடும் ஒப்பந்தத்தில் பொறியாளர் வால்டர் மோபர்லியோடு சேர்ந்தார். அரசாங்கப் பணம் நேரத்துக்கு வராமல் போக, மோபர்லி கடனில் மூழ்கினார். பாக்கிக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று கிடங்கில் இருந்தவர்களுக்குத் தெரியும். அப்புறம் 1868 செப்டம்பர் 16 அன்று பார்க்கர்வில் ஊரின் பெரும்பகுதி தீக்கிரையானது. மர வீடுகள், மரக் கடைகள், குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்த சரக்கு எல்லாம் ஓரிரு மணி நேரத்தில் போய்விட்டன. தோண்டியவனுக்கு மட்டும்தான் நஷ்டம் என்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இந்த வியாபாரம் முழுக்க அங்கே காலங்காலமாக வாழ்ந்த பூர்வகுடிகளின் நிலத்தில் நடந்தது. 1858-இலேயே ஃபிரேசர் பள்ளத்தாக்கில் அவர்களுக்கும் தங்கம் தேடி வந்தவர்களுக்கும் சண்டை மூண்டது. சகோதரர்களின் உழைப்பை மதிக்கிறேன், அதற்காக இதை மறைக்க மாட்டேன்.

டேவிட் பிறகு வான்கூவருக்கு வந்து 1888 முதல் 1891 வரை மேயராக இருந்தார். ஸ்டான்லி பூங்கா திறந்தது அவர் காலத்தில்தான், அங்கே அவருக்குச் சிலையும் இருக்கிறது. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மேயர் பதவியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு யேல் கடைதான் முக்கியம். கடன் கேட்டு வந்து நிற்கிறவன் திரும்பி வருவானா என்று தெரியாமலே அவனுக்கு மூட்டையை எடுத்துக் கொடுக்க வேண்டிய இடம் அது. 1858-இல் அவர்கள் தொடங்கிய நிறுவனம் பழம், காய்கறி வியாபாரத்தில் இன்றும் நடக்கிறது.