சிங்கிள் என்ட்ரி விசாவில் டுப்ரோவ்னிக் வரை

ஜூன் மாதம் அப்பாவும் அம்மாவும் மியூனிக் வருகிறார்கள். கையில் இருப்பது, ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கனுக்குள் ஒரே ஒரு தடவை நுழையவிடும் சிங்கிள் என்ட்ரி விசா. அதை வைத்துக்கொண்டே ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, குரோவேஷியா என்று காரில் டுப்ரோவ்னிக் வரை போய் வரலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். போக மட்டும் கிட்டத்தட்ட 1,100 கிலோமீட்டர்.

"ரயில்ல போனா என்னட்டி, படுத்துக்கிட்டே போலாம்லா?" என்றாள் அம்மா. டுப்ரோவ்னிக்குக்கு ரயிலே கிடையாது என்றேன். "தண்டவாளம் இல்லாத ஊருக்கு நாம எதுக்குப் போவணும்?" இதற்கு நான் என்ன சொல்ல!

சில வருஷம் முன்னால் என்றால் இந்தத் திட்டம் நடந்தே இருக்காது. குரோவேஷியா ஷெங்கனில் சேர்ந்தது 2023 ஜனவரி 1. யூரோவும் அதே நாளில்தான் வந்தது. அதற்கு முன் ஸ்லோவேனிய எல்லையைத் தாண்டினால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. சிங்கிள் என்ட்ரிக்காரர் திரும்ப உள்ளே வர முடியாது.

அது மட்டும் போதாது. குரோவேஷியக் கடற்கரை முழுசாக ஒரே துண்டு இல்லை. ஸ்பிளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் போகும் வழியில் நெயூம் என்று ஒரு சின்ன ஊர், அது ஷெங்கனில் இல்லாத போஸ்னியாவுக்குச் சொந்தம். வெனிஸ்காரர்கள் தரைவழியாக வந்துவிடக் கூடாது என்று பயந்த டுப்ரோவ்னிக் குடியரசு, 1699-ல் அந்தத் துண்டை ஒட்டோமான்களிடம் விட்டுக்கொடுத்தது. அந்தப் பயத்துக்கு இன்றைக்கும் இரண்டு செக்போஸ்ட் நிற்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு போக 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலத்தைத் திறந்தார்கள். 2.4 கிலோமீட்டர் நீளம். சொந்த நாட்டின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போக கடல் மேல் பாலம் கட்டியிருக்கிறார்கள், எங்கள் வீட்டு விசாவுக்காகவே கட்டியது போல. நேவிகேஷன் தன் இஷ்டத்துக்கு நெயூம் வழியாக இழுத்துவிடாமல் இருக்க, அந்தப் பாலத்தையே ஒரு நிறுத்தமாகப் போட்டு வைத்துவிட்டேன்.

இதில் அடிபட்டது மோஸ்டார். 1993-ல் போரில் இடிந்து 2004-ல் திரும்பக் கட்டிய அந்தப் பழைய பாலத்தைப் பார்க்க வீட்டுக்காரருக்கு ரொம்ப ஆசை. கடற்கரையிலிருந்து எட்டும் தூரம்தான், ஆனால் போஸ்னியா. "நாங்க ரெண்டு பேரும் ஓட்டல்லயே இருக்கோம், நீங்க போய்ட்டு வாங்க மாப்ளே" என்று அப்பா பெரிய மனசோடு சொன்னார். அது இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

சுங்கக் கணக்கு நாட்டுக்கு ஒரு மாதிரி. ஜெர்மனியில் காருக்குக் காசில்லை. ஆஸ்திரியாவுக்கு வினியெட் வேண்டும், அதாவது இத்தனை நாள் நெடுஞ்சாலையில் ஓட்டலாம் என்று வாங்குகிற சீட்டு; போதாததற்கு டவர்ன் சுரங்கத்துக்கும் காரவாங்கன் சுரங்கத்துக்கும் தனிக் கட்டணம். ஸ்லோவேனியாவில் குறைந்தபட்சமே ஒரு வார வினியெட்தான். நாங்கள் திரும்பும்போது அது காலாவதியாகியிருக்கும். நான் பார்த்தபோது ஒரு வார வினியெட் இரண்டு வாங்கினாலும் ஒரு மாத வினியெட் ஒன்று வாங்கினாலும் ஒரே விலை, அதனால் மாதத்துக்கே வாங்குகிறேன். குரோவேஷியா நம்ம ஊர் டோல்கேட் மாதிரிதான், நுழையும்போது சீட்டு, இறங்கும்போது காசு.

கிலோமீட்டரை விடக் கிழமைதான் முக்கியம் என்பது என் கட்சி. கோடைச் சனிக்கிழமைகளில் பாதி ஜெர்மனியும் டவர்ன் சாலையில்தான் நிற்கும். விடுமுறை வீடுகளுக்கு வாடகை சனி முதல் சனி வரை என்பதால் போகிறவர்களும் வருகிறவர்களும் ஒரே நாளில் ரோட்டுக்கு வந்துவிடுவார்கள். காரவாங்கன் சுரங்க வாசலில் காரை விட்டு விட்டு அனுப்புவார்கள். ஆகவே பவேரியாவின் பெந்தெகொஸ்தே விடுமுறை முடிந்து வருகிற செவ்வாய்க்கிழமை கிளம்புகிறோம். எங்களுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லாததில் கிடைத்த ஒரே சலுகை இது.

முதல் ராத்திரி ஸ்லோவேனியாவில் பிளெட். மறுநாள் குரோவேஷியாவில் பிளிட்விட்ஸே ஏரிகள். அங்கே எந்த மணிக்கு நுழைவது என்று முன்கூட்டியே சொல்லித்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். உள்ளே ஓடும் படகும் குட்டி வண்டியும் டிக்கெட்டிலேயே சேர்த்தி என்பதால் அம்மாவின் முழங்கால் பிழைத்தது. அங்கிருந்து தெற்கே ஸ்வேதி ரோக் சுரங்கம், ஐந்தரை கிலோமீட்டருக்கு மேல். இந்தப் பக்கம் மேகமும் குளிருமாக நுழைந்து அந்தப் பக்கம் வெயிலில் வெளியே வரலாம். அதற்கப்புறம்தான் 'பூரா' என்கிற மலைக்காற்று அடிக்கும் பகுதி. பலமாக அடித்தால் நெடுஞ்சாலையையே மூடிவிடுவார்கள். குளிர்காலத்தில்தான் அதிகம் என்றாலும், ஸ்பிளிட்டில் ஒரு ராத்திரி கூடுதலாக வைத்திருக்கிறேன்.

தங்குமிடம் தேடியதுதான் பெரிய வேலை. டுப்ரோவ்னிக் ஊரே படிக்கட்டு. "கடல் தெரியும்" என்று போட்டிருந்தால் மேட்டில் இருக்கிறது என்று அர்த்தம். எல்லா வீட்டுக்காரர்களுக்கும் ஒரே கேள்விதான் அனுப்பினேன்: கார் நிற்கிற இடத்திலிருந்து உங்கள் வாசல் வரை எத்தனை படி? ஒருவர் "கொஞ்சம்தான்" என்றார். எண்ணிச் சொல்லுங்கள் என்றேன். எண்ணிவிட்டு வந்து 94 என்றார், கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. கடைசியில் டுப்ரோவ்னிக்கிலேயே லாபாட் என்கிற பகுதியில் தரைத்தளத்தில், சமையலறையோடு ஒரு வீடு கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் தெரிவது பக்கத்து வீட்டுச் சுவர். ரைஸ் குக்கருக்கு இடம் இருக்கிறது, அது போதும்.

அப்பாவுக்கு இதில் எதிலுமே அக்கறை இல்லை, ஸ்டோன் என்ற பேரைக் கேட்கும்வரை. பாலம் இறங்கிக் கொஞ்ச தூரத்தில் அந்த ஊர். மலை மேல் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடும் மதில், கீழே நூற்றாண்டுக் கணக்கில் உப்பு விளைகிற உப்பளம். தூத்துக்குடியில் ஆயுசு முழுக்க உப்புக் கணக்கு எழுதியவர் அப்பா. வீடியோ காலில் போட்டோவைக் காட்டியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார்: "பாத்தி என்னட்டி இவ்ளோ பெரிசா வெட்டிருக்கான்? வாருறது ஆளா, மெஷினா? அங்க ஒரு நாள் போடு." டுப்ரோவ்னிக்கிலிருந்து ஒரு நாளை வெட்டி ஸ்டோனில் சேர்த்தாயிற்று.

திரும்பும் வழி மட்டும் இன்னும் முடிவாகவில்லை. வந்த வழியே திரும்பலாம் என்பது என் எண்ணம். இல்லை, வடக்கே குரோவேஷியாவின் ரியெக்கா வரை கடற்கரைச் சாலையிலேயே வரலாம் என்கிறார் இவர். அது வளைவுக்கு மேல் வளைவு; திருச்செந்தூர் பஸ்ஸிலேயே எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வருகிறவள் அம்மா. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.