ஏர் ரைஃபிள் பேரலின் ஆட்டத்தை நிறுத்திய அனுபவம்

என்னுடைய பிசிபி (சிலிண்டரில் முன்பே அடைத்துவைத்த காற்றால் சுடும்) ஏர் ரைஃபிள் ஒரு நாள் அருமையாகச் சுடும். மறுநாள் பையிலிருந்து எடுத்தால் பெல்லட் (ஈயக் குண்டு) வேறு இடத்தில் போய் விழும். குரூப், அதாவது அட்டையில் குண்டுகள் விழும் கூட்டம், சிறியதுதான், ஆனால் மொத்தமாக இடம் மாறியிருக்கும். கேட்டவர்கள் எல்லாரும் பெல்லட்டை மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள். பெல்லட் சரியில்லை என்றால் குரூப் விரியும். இப்படிக் கூட்டமாக நகராது.

சந்தேகம் பேரல்மேல், அதாவது குழல்மேல், போனது. 20 மீட்டரில் ஒரு குரூப் சுட்டேன். பேரல் முனையை விரலால் இடப்பக்கம் மெதுவாகத் தள்ளிவிட்டு இன்னொன்று, வலப்பக்கம் தள்ளிவிட்டு இன்னொன்று. அட்டையில் தனித்தனிக் கூட்டங்கள் விழுந்தன. ஸ்கோப்பையும் அதைப் பிடிக்கும் மவுண்டையும் மாற்றியும் அதே கதைதான். சரி, ஆட்டம் ரிசீவருக்குள், பேரல் செருகியிருக்கும் உடல் பகுதிக்குள், இருக்கிறது.

பேரல் ரிசீவருக்குள் சுமார் 40 மி.மீ. நீளம் நுழைகிறது. மேலே இரண்டு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ), அவ்வளவுதான் பிடிமானம். அந்த நீளத்தில் 0.02 மி.மீ. சாய்ந்தாலே 20 மீட்டரில் 10 மி.மீ. விலகும். ஸ்க்ரூவை இன்னும் முறுக்கினால் போதும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. துளை கொஞ்சம் பெரிதாக இருந்தால் ஸ்க்ரூ பேரலை அடிப்பக்கச் சுவரோடு ஒரே கோட்டில்தான் அழுத்தும். பக்கவாட்டு ஆட்டம் அப்படியே இருக்கும். பித்தளை ஷிம் (மெல்லிய தகடு) சுற்றலாம், ஆனால் இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. அதனால் இடைவெளியை நிரப்பும் பசையான லாக்டைட் 641-ஐத் தேர்ந்தெடுத்தேன். 638 இதைவிட வலுவானது. ஆனால் காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மாற்ற என்றாவது பேரலைக் கழற்றியாக வேண்டும். அப்போது 641 அவ்வளவு அடம் பிடிக்காது.

முதல் வேலை, பெல்லட் இல்லை என்று உறுதி செய்து சிலிண்டர் காற்று முழுவதையும் இறக்குவது. பேரலின் பக்கவாட்டில் காற்று வரும் துளை ரிசீவர் துளையோடு நேராக நிற்க வேண்டும். அதனால் கழற்றும் முன்பே இரண்டிலும் சேர்த்து ஒரு மெல்லிய கோடு போட்டுக்கொண்டேன். இதை விட்டால் அப்புறம் தடவித் தடவித்தான் பொருத்த வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் லாக்டைட் பிடிக்காது. இரு பரப்புகளையும் அசிட்டோனில் துடைத்தேன், ஓ-ரிங்கில் படாமல்.

லாக்டைட்டைப் பேரலில் ரிசீவருக்குள் போகும் பகுதியின் முன்பாதியில் மட்டும் மெல்லிய வளையமாகத் தடவி, சுழற்றிக்கொண்டே நுழைத்தேன். பின்னால் தடவினால் காற்றுத் துளைக்குள் போய்விடும். கோடுகள் சேர்ந்ததும் கிரப் ஸ்க்ரூக்களைத் தொட்டும் தொடாமலும் வைத்து, ரிசீவரை மரத்துண்டு வைத்த வைஸில் பிடித்து, பேரல் முனை கீழே பார்க்கத் தொங்கவிட்டேன். மிச்சம் வழிந்தாலும் வெளியேதான் வழியும். உள்ளே ஒருமுறை கிளீனிங் ராடால் துணி விட்டு எடுத்தேன். லாக்டைட் காற்றுப் படாத இடத்தில், உலோகத்தைத் தொட்டால்தான் இறுகும். அலுமினியத்தில் கொஞ்சம் சோம்பேறி. முழுப் பிடிப்புக்கு 24 மணி நேரம் என்பார்கள். நான் வார இறுதி முழுக்கத் தொடவில்லை. பிறகுதான் ஸ்க்ரூக்களில், அவை தளராமல் இருக்க லாக்டைட் 243 ஒரு சொட்டு விட்டு முறுக்கினேன்.

முன்பக்கத்தில் பேரலையும் சிலிண்டரையும் இணைக்கும் பட்டையையும் பார்த்தேன். 200 பாரிலிருந்து அழுத்தம் இறங்கும்போது சிலிண்டர் மிக நுண்ணிய அளவில் நெளியும்; பட்டை இறுக்கமாக இருந்தால் பேரலையும் கூடவே இழுக்கும். பட்டையின் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, பேரல் அதில் படாமல் நிற்கவிட்டேன். இந்த வேலைகள் எதுவும் வேகத்தைக் கூட்டாது. இந்தியாவில் குழல் விட்டம் 4.5 மி.மீ., ஆற்றல் 20 ஜூல் என்ற அளவைத் தாண்டாத வரைதான் உரிமம் தேவையில்லை என்பதால் அந்தப் பக்கம் நான் போவதுமில்லை.

மறுபடி ஜீரோ செய்து (ஸ்கோப்பின் குறியும் பெல்லட் விழும் இடமும் ஒன்றாகச் சரிசெய்து), அதே தள்ளும் சோதனையைச் செய்தேன். இடம், வலம் எந்தப் பக்கம் தள்ளினாலும் பெல்லட்டுகள் ஒரே ஓட்டையைத்தான் பெரிதாக்கின. பையில் வைத்து எடுத்த பிறகும் ஜீரோ நகரவில்லை. ஓ-ரிங் தேய்ந்தால் ஹாட் ஏர் கன்னால் சூடு காட்டித்தான் பேரலை உருவ வேண்டும். சூட்டில் பழைய ஓ-ரிங் வீணாகும், எப்படியும் மாற்றப் போவதுதானே.