வாய்தா இல்லாத மாதம்

8 மே 2025, வியாழன்

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டது. நாளைக்கு என்று சொல்லியிருந்ததை ஒரு நாள் முந்தியே வெளியிட்டுவிட்டார்கள். சின்னவளுக்கு 600-க்கு 487. அவள் சந்தோஷப்பட்டாள், அவள் அம்மா இன்னும் 20 வந்திருக்கலாம் என்றாள்.

அடுத்து என்ன என்று போன் செய்த எல்லாரும் கேட்டார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவளுக்கு ஒரே பதில்தான்: வக்கீல். "உங்களுக்கென்ன கவலை, கோர்ட்டிலேயே இருக்கீங்க" என்றார் மச்சான். பாளையங்கோட்டை கோர்ட்டில் 22 வருஷமாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். எந்த கோர்ட்டில் எந்தக் கட்டு எந்த அலமாரியில் கிடக்கிறது என்று கேளுங்கள், சொல்கிறேன். சட்டக் கல்லூரிக்கு எப்படிச் சேர்வது என்பதை இந்த வாரம்தான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

11 மே, ஞாயிறு

இரண்டு வழி இருக்கிறது. பிளஸ் டூ முடித்த கையோடு ஐந்து வருஷப் படிப்பு. இல்லையென்றால் ஏதாவது ஒரு டிகிரி மூன்று வருஷம், அதன் மேல் சட்டம் மூன்று வருஷம். நம் மாநில அரசு சட்டக் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. முதலாவதற்கு பிளஸ் டூ மார்க், இரண்டாவதற்கு டிகிரி மார்க்.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் இருப்பதும் அதில் சேர்த்தி. இரண்டு மணி நேரம், 120 கேள்வி, எல்லாம் ஆங்கிலத்தில். இந்த வருஷத்துக்கான தேர்வு போன டிசம்பர் 1-ஆம் தேதியே முடிந்துவிட்டது. எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பது தெரிந்தது ஜனவரியில். ஊரார் கெடு தேதியெல்லாம் டைரியில் குறித்து வைக்கிறவன், சொந்த மகளுடையதைக் கோட்டைவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

14 மே, புதன்

சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. ஆனாலும் ஆபீஸுக்குப் போனேன். சீனியரிடம் ஐந்து வருஷப் படிப்பில் ஒரு வருஷம் மிச்சமாகிறதே என்றேன். அவர் சட்டப் படிப்புக்கு விதி போடும் பார் கவுன்சிலின் 2008-ஆம் வருஷ விதிகளை எடுத்துப்போட்டு 13-ஆம் விதியைப் படிக்கச் சொன்னார். ஐந்து வருஷப் படிப்பில் மூன்றாம் வருஷத்தோடு நின்றால் பி.ஏ. என்று பிரித்துத் தரமாட்டார்கள். ஏறினால் கடைசி ஸ்டாப்பில்தான் இறங்க முடியும்.

எங்கள் ஆபீஸுக்கு முன்பு ஒரு பையன் வந்துபோவான். அப்பா தவறியதும் நான்காம் வருஷத்தில் படிப்பை விட்டான். வேலைக்கு எழுதிப்போட்டபோது அவன் கையில் இருந்தது பிளஸ் டூ சான்றிதழ் மட்டும். இன்றைக்கு முழுக்க அவன் முகம்தான் நினைவில் ஓடியது.

அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. மூன்று வருஷச் சட்டப் படிப்புக்கு டிகிரியில் குறைந்தது 45 சதவீதம், எங்களைப் போன்ற பிற்படுத்தப்பட்டவர்களுக்கு 42, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. இது விண்ணப்பம் போடுவதற்கான அளவு. இடம் மார்க் வரிசைப்படிதான்.

18 மே, ஞாயிறு

சரி, டிகிரிதான் என்றால் எந்த டிகிரி? மச்சான், தபாலில் ஏதாவது ஒரு பி.ஏ. போட்டுவிட்டு வீட்டில் இருக்கட்டும் என்றார். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பியாகிவிட்டது.

என் மனதில் இருந்தது பி.காம். காரணமும் இருக்கிறது. எங்கள் கோர்ட்டில் செக் கேஸ் என்றால் எல்லாரும் தேடும் ஒரு வக்கீல் பி.காம். படித்தவர். கணக்குப் புத்தகத்தைப் புரட்டியபடியே குறுக்கு விசாரணையில் எதிராளியை மடக்கிவிடுவார். விபத்து வழக்குகளிலும் கணக்குதான். செத்துப்போனவருக்கு வயது 32 என்றால் வருஷ வருமானத்தில் அவர் சொந்தச் செலவைக் கழித்து 16-ஆல் பெருக்க வேண்டும், வயது 37 என்றால் 15-ஆல். 2009-இல் உச்ச நீதிமன்றம் போட்டுக் கொடுத்த அட்டவணை அது.

ஆனால் பி.ஏ. தமிழ் படித்த ஒரு ஜூனியரும் இருக்கிறார். பழைய கையெழுத்துப் பத்திரங்களை, தமிழ் எண்ணில் எழுதிய ஏக்கர் சென்ட் வரைக்கும், செய்தித்தாள் போலப் படிப்பார். நிலத் தகராறு வந்தால் பெரிய வக்கீல்களே அவர் மேஜைக்குப் போய் நிற்பார்கள். பி.இ. முடித்து வந்தவர்கள் நாலு பேர். ஏன் வந்தார்கள் என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி, அப்புறம் நம் ஆளுநராகவும் இருந்தவர், முதலில் படித்தது வேதியியல். இதை மகளிடம் சொன்னேன். "அப்ப எது படிச்சாலும் சரின்னுதானப்பா அர்த்தம்" என்றாள். அந்தக் கதையை பி.காமுக்காகத்தான் எடுத்தேன். எனக்கே எதிர்சாட்சி ஆகிவிட்டது.

20 மே, செவ்வாய்

இன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. இனிமேல் சிவில் நீதிபதி தேர்வு எழுத குறைந்தது மூன்று வருஷம் வக்கீலாகப் பிராக்டிஸ் செய்திருக்க வேண்டுமாம். படித்து முடித்த சூட்டோடு எழுதலாம் என்றிருந்த பிள்ளைகளுக்கு இடி. வாட்ஸ்அப் முழுக்க அழுகை.

நான் விரல் மடக்கிப் பார்த்தேன். டிகிரி 2028, சட்டம் 2031, நீதிபதி தேர்வு 2034. ஐந்து வருஷப் படிப்பு என்றால் 2033. "வித்தியாசம் ஒரு வருஷம்தானே" என்றாள் அவள் அம்மா. போன வாரம் அதே ஒரு வருஷத்துக்காக என்னோடு சண்டை போட்டவள்.

எனக்கென்னவோ இந்தத் தீர்ப்பு சரியென்றுதான் படுகிறது. வாய்தா வாங்கிக்கொண்டு வெயிலில் திரும்பிப் போகிற கட்சிக்காரனின் முகத்தைப் பார்க்காமல் நேரே மேடையில் உட்கார்ந்தால் எப்படி?

23 மே, வெள்ளி

மகளை ஆபீஸுக்கு அழைத்துப் போனேன். தூசி தட்டட்டும், இரண்டு மணி நேரத்தில் ஆசை தெளிந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. முடிந்துபோன ஒரு பாகப்பிரிவினை வழக்கின் கட்டைக் கொடுத்து, தேதி வாரியாக நடந்ததை எழுதச் சொன்னேன். புது ஜூனியர்களுக்கு சீனியர் முதலில் கொடுக்கும் வேலை அதுதான்.

மத்தியானம் வரை தலை நிமிரவில்லை. அப்புறம் 1978-ஆம் வருஷப் பத்திரத்தைக் காட்டி, "அப்பா, மூணு பையன் பேரு இருக்கு. ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க பேரு எங்க?" என்றாள்.

அன்றைக்குப் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குப் பிறப்புரிமை கிடையாது என்றேன். தமிழ்நாட்டில் அந்த உரிமை 1989 மார்ச் 25 முதல் வந்தது. அதற்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்ட மகளுக்குக் கிடையாது.

"24-ஆம் தேதி கல்யாணம் ஆனவளுக்கு?"

"2005 செப்டம்பரில் மத்திய சட்டம் மாறுகிற வரை இல்லை. அதிலும் 2004 டிசம்பர் 20-க்கு முன்னாலேயே பதிவுப் பத்திரம் போட்டுப் பிரித்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது."

இந்தத் தேதிகளை 22 வருஷமாக வாயால் சொல்லிவருகிறேன். அந்த 24-ஆம் தேதிக்காரியை ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்தத் தேதியை யார் வைத்தார்கள், ஏன் அதற்கு முந்தி வைக்கவில்லை என்று பஸ்ஸில் வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

27 மே, செவ்வாய்

பி.ஏ. வரலாறு என்று சொல்லிவிட்டாள். அரசு மகளிர் கல்லூரிக்கு விண்ணப்பத்தில் அதையே முதலில் போட்டிருக்கிறாள்.

எனக்கு ஒரே பயம் மார்க். மூன்று வருஷம் கழித்து சட்டக் கல்லூரி வரிசையில் நிற்கும்போது வரலாற்றில் வாங்கிய 65-ஐயும் வேறு பாடத்தில் வாங்கிய 85-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்? அவளிடமே கேட்டேன். "பிடிக்காத பி.காமில் எனக்கு 85 வரும்னு யாருப்பா சொன்னா?" என்றாள். பிளஸ் டூவில் கணக்குப்பதிவியலில் அவள் வாங்கியது 61. அதற்கு மேல் நான் பேசவில்லை.

ஐந்து வருஷப் படிப்புக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். குமாஸ்தா புத்தி. எந்தக் கதவையும் கெடு முடிகிற வரை சாத்தவிடாது.

2 ஜூன், திங்கள்

கோர்ட் திறந்துவிட்டது. ஒரு மாதம் சேர்ந்த மனுக்கள், காலையிலிருந்து தண்ணீர் குடிக்க நேரமில்லை. சாயங்காலம் சீனியர் மேஜையில் கிடந்த நோட்டுத் தாளை எடுத்துப் பார்த்தார். மகள் அன்று எழுதிவைத்த தேதிப் பட்டியல். யார் எழுதினது என்றார். சொன்னேன். ஒரு இடத்தில் சர்வே எண் தப்பு என்று சிவப்பு மையில் திருத்தி, திரும்ப என்னிடமே கொடுத்தார்.

வீட்டில் காட்டினேன். அந்தத் தப்பு பத்திரத்திலேயே இருக்கிறது, தான் சரியாகத்தான் பார்த்து எழுதினேன் என்கிறாள். கட்டை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. சனிக்கிழமை ஆபீஸுக்கு வருகிறாளாம்.